கேட்காமல் எடுத்த பெயர்

அத்தை வீட்டுப் பாப்பாவுக்கு இன்னும் பெயர் வைத்தபாடில்லை.

பாப்பா நன்றாகப் பால் குடிக்கிறாள். நன்றாகத் தூங்குகிறாள். நடுநடுவே ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுகிறாள். எல்லாம் சரியாக நடக்கிறது. பெயர் ஒன்றுதான் பாக்கி.

அத்தைக்கு மருந்துக் கடையில் வேலை. எந்த டாக்டர் எப்படிக் கிறுக்கியிருந்தாலும் ஒரே பார்வையில் படித்து, சரியான மாத்திரையை எடுத்து வைத்துவிடுவாள். அப்படிப்பட்டவள், கல்யாணமாகி எத்தனையோ வருடம் காத்திருந்து பிறந்த தன் பிள்ளைக்கு ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தாள்.

மாமா பஸ் டிரைவர். அவருக்குத் தெரிந்த அழகான சொற்கள் எல்லாம் அவருடைய வண்டி நிற்கும் இடங்கள்தான்.

"பூங்கானு வைக்கலாமா? எவ்வளவு நல்லா இருக்கு பாரு!"

"உங்களை விட்டா அடுத்தது பணிமனைன்னு சொல்வீங்க," என்றாள் அத்தை.

"அதைப் பையன் பொறந்தா வைக்கலாம்னு இருந்தேன்."

தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வகுளா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அத்தை வீட்டுக்கு வந்து பாப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் அவள் வீட்டுக்குப் போவாள். வரும்போதே ஒரு பெயரோடு வருவாள்.

"அத்தை, முல்லை?"

"ம்ஹும்."

"அல்லி?"

"பார்க்கலாம்."

"குவளை?"

"குவளையா? தண்ணி குடிக்கிறதா?" என்று மாமா குறுக்கே விழுந்தார்.

"அது பூ மாமா! உங்களுக்கு ஒண்ணுமே தெரியல."

"எல்லாம் பூவாவே சொல்றியே, ஏன்?"

"என் பேரும் பூதானே? பாப்பாவுக்கும் பூ பேரு வச்சா நாங்க ரெண்டு பேரும் ஜோடியா இருப்போம். இல்ல அத்தை?"

துணி மடித்துக்கொண்டிருந்த அத்தையின் கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடியும் மடித்தது.

"மெதுவாப் பேசு சிட்டு. பாப்பா எழுந்துக்கப் போறா."

சிட்டு.

அத்தை அவளை எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவாள். செல்லமாகத்தான் கூப்பிடுவாள். ஆனால் அன்று என்னவோ வகுளாவுக்கு அது உறுத்தியது. அத்தை என்றைக்காவது தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாளா என்று யோசித்துப் பார்த்தாள்.

நினைவுக்கு எதுவும் வரவில்லை. யாராவது விருந்தாளி வந்தால், "இது என் தம்பி பொண்ணு," என்பாள். பரிசு கொடுத்தால், "இது என் சிட்டுவுக்கு," என்பாள். ஒருமுறை மழை பெய்தபோது அத்தை குடையோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். மற்ற பிள்ளைகளின் வீட்டுக்காரர்கள் எல்லாம் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அத்தை மட்டும் கையைத் தட்டினாள். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? வகுளா தானாகப் பார்க்கும்வரை தட்டிக்கொண்டே நின்றாள்.

அன்றைக்கு அது வேடிக்கையாக இருந்தது. இன்றைக்கு வேடிக்கையாக இல்லை.

வகுளாவுக்குத் தன் பெயர் என்றால் உயிர். அவள் வகுப்பில் ஒரே பெயரில் மூன்று பெண்கள் இருந்தார்கள். டீச்சர் அவர்களை முன்பெஞ்சு, நடுபெஞ்சு, கடைசிபெஞ்சு என்று அழைப்பார். ஆனால் பள்ளிக்கூடம் முழுக்கத் தேடினாலும் வகுளா ஒருத்திதான். புதிதாக வருகிற ஒவ்வொருவரும், "அப்படின்னா என்ன?" என்று கேட்பார்கள். "மகிழம்பூ இருக்கில்ல? அதுக்கு இன்னொரு பேரு வகுளம். அதான் நான்," என்று நிமிர்ந்து நின்று சொல்வாள்.

இத்தனைக்கும் அவள் மகிழம்பூவைப் பார்த்ததே இல்லை.

அன்று அத்தை வீட்டிலிருந்து கிளம்பியவள், வீட்டுக்குப் போகாமல் அப்பாவின் கடைக்குப் போனாள்.

அப்பாவின் கடை ஒரு பெரிய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்க முடியாத இடம். அதற்குள் பித்தளைத் தகடு, பிளாஸ்டிக் தகடு, மரப்பலகை, பெயிண்ட் டப்பா, எழுத்து வெட்டும் இயந்திரம், அப்பா. வீட்டு வாசலில் மாட்டும் பெயர்ப்பலகை செய்வதுதான் அவர் தொழில். டாக்டர்கள், வக்கீல்கள், புதிதாக வீடு கட்டியவர்கள் எல்லோரும் அவரிடம் வருவார்கள். 'நாய் இருக்கிறது' என்ற பலகைக்கும் நல்ல கிராக்கி. நாய் இல்லாதவர்கள்தான் அதை அதிகம் வாங்குகிறார்கள் என்று அப்பா சொல்வார்.

அவள் போனபோது ஒரு வக்கீலின் கார் டிரைவர் கடை வாசலில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"எழுதியே குடுத்து அனுப்பியிருக்காரே அண்ணே! இதுக்கு மேல என்ன வேணும்?"

"எழுதினது இருக்கட்டும். யார் பேரோ அவங்க வாயால ஒரு தடவை சொல்லணும். அது வரைக்கும் நான் ஒரு எழுத்துகூட வெட்ட மாட்டேன்."

"அவர் கோர்ட்ல இருப்பாரு."

"வெளிய வந்ததும் போன் போட்டுக் குடுங்க."

"ஒரு பலகைக்கு இந்தப் பாடா? அடுத்த தடவை சாட்சியும் கூட்டிட்டு வரச் சொல்வீங்க போல," என்று முனகிக்கொண்டே டிரைவர் போனார்.

அப்பாவின் இந்தப் பழக்கம் அந்தத் தெருவுக்கே தெரியும். கிண்டல் செய்வார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

வேலை மேசையில் ஒரு சின்ன மரப்பலகை இருந்தது. ஓரங்களை வளைத்து, மாட்டுவதற்கு இரண்டு துளை போட்டு, வழவழவென்று தேய்த்து வைத்திருந்தார். பாப்பாவின் தொட்டிலில் மாட்டுவதற்கானது. எழுத்து மட்டும் இல்லை. அப்பா உப்புத்தாளை எடுத்து அதை மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார்.

"அதான் கண்ணாடி மாதிரி ஆயிடுச்சேப்பா. இன்னும் தேய்ச்சா பலகையே இருக்காது."

"பேரு வர்ற வரைக்கும் தேய்க்க வேண்டியதுதான்."

வகுளா முக்காலியில் உட்கார்ந்தாள். காலை ஆட்டினாள்.

"அப்பா, அத்தை ஏன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறதே இல்ல?"

உப்புத்தாள் நின்றது.

"அப்படியா? கூப்பிடுவாளே..."

"இல்லப்பா. ஒரு தடவைகூட இல்ல. யோசிச்சுப் பாத்துட்டேன்."

அப்பா பலகையின்மேல் இருந்த மரத்தூளை ஊதினார். தூள் எல்லாம் போன பிறகும் ஊதினார்.

"அம்மா தேடுவா. நீ வீட்டுக்குப் போ," என்றார். அவள் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

அம்மா வீட்டில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். அறை முழுக்க நீலச் சட்டைகள் குவிந்திருந்தன. வகுளா ஒரு கத்தரியை எடுத்துக்கொண்டு, தைத்து முடித்த காலர்களில் தொங்கும் நூலை வெட்டிக்கொண்டே அதே கேள்வியை அம்மாவிடமும் கேட்டாள்.

அம்மா மிதித்துக்கொண்டிருந்த காலை எடுத்தாள். இயந்திரம் ஓய்ந்தது.

"அப்பாகிட்ட கேட்டியா?"

"கேட்டேன். வீட்டுக்குப் போன்னு சொல்லிட்டாரு."

"சொல்வாரு. வேற என்ன சொல்வாரு!" அம்மா பெருமூச்சு விட்டாள். "சரி, நீயும் வளர்ந்துட்ட. தெரிஞ்சுக்கறதுல தப்பில்ல. உன் பேரை யாரு கண்டுபிடிச்சாங்க தெரியுமா?"

"அப்பா."

"இல்ல. அத்தை."

வகுளாவுக்குப் புரியவில்லை.

"அவங்க ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைங்களா இருந்தப்ப, தண்ணித் தொட்டி வளாகத்துல குடியிருந்தாங்க. தாத்தாவுக்கு அங்க மோட்டார் போடற வேலை. வளாகத்துல ஒரு பெரிய மகிழ மரம். யாரோ அதுல ஒரு தகரத்தை அடிச்சு, மரத்தோட பேரை எழுதி வச்சிருந்தாங்களாம். மகிழம்னு பெருசா. அதுக்குக் கீழ வகுளம்னு சின்னதா. அத்தைக்கு அந்தச் சின்ன எழுத்துதான் பிடிச்சுதாம். எனக்குப் பொண்ணு பொறந்தா வகுளானுதான் வைப்பேன்னு உன் வயசுலயே சொல்ல ஆரம்பிச்சுட்டா. பொம்மைக்குக்கூட அந்தப் பேரை வைக்கலையாம். வச்சா பழசாயிடுமாம்."

"அப்புறம்?"

"அப்புறம் பெரியவங்களானாங்க. அத்தைக்கு முதல்ல கல்யாணம் ஆச்சு. குழந்தை பொறக்கல. அப்புறம் எங்களுக்குக் கல்யாணம் ஆச்சு. நீ பொறந்தே. ஆஸ்பத்திரியில நர்ஸ் வந்து, பொண்ணுக்குப் பேர் யோசிச்சாச்சான்னு உங்க அப்பாவைக் கேட்டாங்க. நாங்க ஒண்ணும் யோசிச்சு வைக்கல. அவர் பாட்டுக்கு சந்தோஷத்துல, தூக்கக் கலக்கத்துல, 'வகுளா'ன்னு சொல்லிட்டாரு. சின்ன வயசுலருந்து காதுல விழுந்த பேரு, பாரு. தன்னோட பேரு மாதிரியே வாயில வந்துடுச்சு. நர்ஸ் உடனே ஒரு அட்டையில எழுதித் தொட்டில்ல கட்டிட்டாங்க."

"அத்தை எங்க இருந்தாங்க அப்ப?"

"பக்கத்துலயேதான் நின்னா. எனக்குக் காப்பி கொண்டு வந்திருந்தா. அட்டையைப் படிச்சா. சிரிச்சா. நல்ல பேருன்னு சொன்னா. சொல்லிட்டு, காப்பியை டம்ளர்ல ஊத்தாம என் போர்வையில ஊத்திட்டா."

வகுளா சிரிக்கவில்லை.

"அப்பாவுக்குத் தெரியலையா?"

"மறுநாள் காலையில தெரிஞ்சுது. இடி விழுந்த மாதிரி உக்காந்துட்டாரு. அக்காகிட்ட பேசிடுங்கன்னு சொன்னேன். சாயந்தரம் பேசறேன்னாரு." அம்மா ஒரு சட்டையை உதறினாள். "அந்தச் சாயந்தரம் இன்னும் வரல. அவளும் கேட்கல, இவரும் சொல்லல. வருவாங்க, போவாங்க, குழாய் ரிப்பேர் பேசுவாங்க. முன்ன மாதிரி உக்காந்து சிரிச்சு நான் பாத்ததே இல்ல."

அன்று இரவு முழுக்க வகுளாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. ஆசையாகப் போட்டுக்கொண்ட சட்டை, இன்னொருத்திக்காகத் தைத்தது என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. அளவு சரியாக இருக்கிறது. அழகாகவும் இருக்கிறது. ஆனால் உடம்பெல்லாம் கூசுகிறது.

இப்போது அந்த இன்னொருத்தி வந்துவிட்டாள். தொட்டிலில் பெயர் இல்லாமல் படுத்திருக்கிறாள். அத்தை ஏன் எந்தப் பெயருக்கும் தலையாட்டவில்லை என்று இப்போதுதானே புரிகிறது!

மறுநாள் வகுளா ஒரு முடிவோடு அத்தை வீட்டுக்குப் போனாள். மாமா வேலைக்குப் போயிருந்தார். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள்.

"வா சிட்டு. இன்னிக்கு என்ன பூ கொண்டு வந்திருக்கே?" என்று அத்தை கேட்டாள்.

வகுளா உட்காரவில்லை. பையைக்கூடக் கழற்றவில்லை.

"அத்தை, என் பேரைப் பாப்பாவுக்கு வச்சிடுங்க."

"என்னது?"

"வகுளா. அது உங்க பேருதானே? நீங்கதானே கண்டுபிடிச்சீங்க? அம்மா சொன்னாங்க. எனக்கு வேற பேரு பாத்துக்கறேன். சிட்டுனே வச்சிக்கறேன். பழகின பேருதான். டீச்சர்கிட்ட நானே சொல்லிடுவேன்." வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததால் தடுமாறாமல் சொன்னாள். கடைசியில் மட்டும் குரல் கொஞ்சம் உடைந்தது. "எனக்கு ஒண்ணும் கஷ்டமா இல்ல."

அத்தை அவளையே பார்த்தாள். பிறகு அவளுடைய பையைத் தோளிலிருந்து இறக்கி, கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"பொய் சொல்ற. மூக்கு சிவந்திருக்கு."

"இல்ல."

"உங்க அப்பாவுக்கும் இதே மூக்குதான். பொய் சொன்னா சிவந்துடும்." அத்தை சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "நான் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடலைன்னு எப்ப கண்டுபிடிச்சே?"

"நேத்து."

"முதல் தடவை உன்னை மடியில போட்டுக்கிட்டப்ப கூப்பிடலாம்னுதான் பாத்தேன். வாய் வரல. சரி, அடுத்த தடவைன்னு நினைச்சேன். அடுத்த தடவையும் வரல. அதுக்குள்ள நீ சிட்டு ஆயிட்டே. அப்படியே விட்டுட்டேன்." அத்தை குரலைத் தாழ்த்தினாள். "உனக்கு அது தெரியும், உறுத்தும்னு நான் ஒரு நாளும் யோசிக்கல. நீ என்ன பண்ணினே? பாவம், நீ பொறந்தது மட்டும்தானே பண்ணினே?"

வகுளா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மகிழம்பூ எப்படி இருக்கும் அத்தை?"

"சின்னதா இருக்கும். சக்கரம் மாதிரி. நடுவுல துளை இருக்கும். பாக்கறதுக்கு ஒண்ணும் பெருசா இருக்காது. யாரும் ஏறிப் பறிக்க வேண்டாம், தானா விழும். காலையில மரத்தடியில குனிஞ்சா கை நிறையக் கிடைக்கும். நானும் உங்க அப்பாவும் போட்டி போட்டுப் பொறுக்குவோம். காய்ஞ்சு பழுப்பா ஆனாலும் வாசனை போகாது. அவன் பென்சில் டப்பாவுல போட்டு வச்சிருப்பான்."

"அந்த மரம் இப்ப இருக்கா?"

"தெரியல. சேர்ந்து போய்ப் பாக்கலாம்னு சொல்லிக்கிட்டே இருப்போம். அப்புறம் அதைச் சொல்றதையும் நிறுத்திட்டோம்."

தொட்டிலில் பாப்பா முனகினாள். அத்தை காலால் மெல்ல ஆட்டிவிட்டாள்.

"அப்பா மேல கோபமா அத்தை?"

அத்தை பாப்பாவின் போர்வையைச் சரிசெய்தாள். "பேரை எல்லாம் திருப்பிக் குடுக்க வேண்டாம். போ, முகத்தைக் கழுவிட்டு வா," என்று மட்டும் சொன்னாள்.

வகுளா முகம் கழுவினாள். கழுவும்போதே யோசித்தாள். தான் கொடுக்க வந்தது இந்த வீட்டுக்குத் தேவையில்லை. தேவைப்படுவது வேறு. அது தன்னிடம் இல்லை, மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது.

"இதோ வந்துடறேன் அத்தை," என்று ஓடினாள்.

அப்பா பித்தளைத் தகட்டில் வக்கீலின் பெயரை வெட்டிக்கொண்டிருந்தார். வக்கீல் போனில் சொல்லிவிட்டார் போல.

"அப்பா, அத்தை வீட்டுக்கு வாங்க."

"ஏன், குழாய் ஒழுகுதா?"

"ஒழுகல. நீங்க அத்தைகிட்ட சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. அம்மா எல்லாம் சொல்லிட்டாங்க."

அப்பாவின் மூக்கு சிவந்தது. "அது பழைய கதைம்மா. இப்ப எதுக்கு? பாப்பா பொறந்து அவ சந்தோஷமா இருக்கா..."

"சந்தோஷமா இருந்தா ஏன் பேர் வைக்கல?"

அப்பா தகட்டை இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"வேணும்னா ஒண்ணு பண்ணு," என்றார் கடைசியில். "அப்பா ரொம்ப வருத்தப்பட்டாருன்னு நீயே சொல்லிடேன். நீ சொன்னா அவ கேப்பா."

"யாராவது தனக்குப் பதிலா ஆள் அனுப்பினா நீங்க ஒரு எழுத்து வெட்டுவீங்களா?"

அப்பா அவளைப் பார்த்தார். இயந்திரத்தை நிறுத்தினார். கையிலிருந்த பித்தளைத் தூளைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். பிறகு கடையின் கதவை இழுத்துப் பூட்டினார்.

வழியெல்லாம் அப்பாவின் நடை மெதுவாகிக்கொண்டே போனது. ஒரு வளைவில் அப்பா நின்று, "ஏதாவது பழம் வாங்கிட்டுப் போலாமா?" என்று கேட்டார். "வேண்டாம்பா," என்று வகுளா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அத்தை கதவைத் திறந்தாள். தம்பியைப் பார்த்தாள். அவர் பின்னால் நின்ற வகுளாவைப் பார்த்தாள்.

"வா. உக்காரு."

அப்பா உட்காரவில்லை. மேலே பார்த்தார்.

"ஃபேன் சத்தம் போடுதே."

"அது எப்பவும் போடும்."

"எண்ணெய் விடணும்."

"விடலாம்."

"ஜன்னல் கொக்கிகூட லூசா இருக்கு போல."

"அப்பா!" என்றாள் வகுளா.

அப்பா ஜன்னல் கொக்கியிலிருந்து கையை எடுத்தார். தொட்டிலைப் பார்த்தபடி, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்.

"அன்னிக்கு நர்ஸ் கேட்டதும்... யோசிக்காம சொல்லிட்டேன்கா. உன் பேருன்னு மறுநாள்தான் உறைச்சுது. மாத்திடலாமான்னு கேட்க வந்தேன். நீ குழந்தையைத் தூக்கி வச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டு இருந்தே. நீ மறந்துட்டேன்னு நினைச்சுக்கிட்டேன். மறக்கலைன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் அப்படியே நினைச்சுக்கிட்டேன். அதுதான் சுலபமா இருந்துது."

அத்தை தொட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்டா," என்றாள் அத்தை. "உன் பொண்ணுக்கு இல்லாம யாருக்குக் குடுக்கப் போறேன்? 'அக்கா, அந்தப் பேரை எனக்குத் தர்றியா'ன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. நானே என் கையால அட்டையில எழுதித் தொட்டில்ல கட்டியிருப்பேன். எழுதற சந்தோஷமாவது எனக்கு இருந்திருக்கும்."

"தப்புதான்கா."

"எனக்கும் வாய் இல்லையா? அன்னிக்கே உன் காதைப் பிடிச்சுத் திருகியிருக்கலாம். கேட்காம எப்படிடா எடுத்தேன்னு சண்டை போட்டிருக்கலாம். ஒரு வாரம் பேசாம இருந்து, அப்புறம் சரியாப் போயிருக்கும். நான் பெரிய மனுஷி மாதிரி சிரிச்சேன். பத்து வருஷம் வீணாப் போச்சு."

அப்பா மெல்லத் தரையில் உட்கார்ந்தார். அத்தையும் எதிரே உட்கார்ந்தாள். இருவரும் அழவில்லை. கட்டிப்பிடித்துக்கொள்ளவும் இல்லை. போன வருடங்களை எங்கே போய்த் தேடுவது என்று தெரியாதவர்கள்போல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பா அத்தையை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப கேட்கறேன்கா. பாப்பாவுக்கு அந்தப் பேரையே வச்சா என்ன? ஒரு குடும்பத்துல ஒரே பேர்ல ரெண்டு பொண்ணுங்க இருக்கக் கூடாதா?"

"எங்க கிளாஸ்ல மூணு பேர் இருக்காங்க," என்றாள் வகுளா அவசரமாக. "முன்பெஞ்சு, நடுபெஞ்சுன்னு கூப்பிடலாம். எனக்குச் சம்மதம் அத்தை. நிஜமா. மூக்கைப் பாருங்க!"

அத்தை பார்த்தாள். மூக்கு சிவக்கவில்லை.

அத்தைக்கு இப்போதுதான் சிரிப்பு வந்தது. ஆனால் தலையை ஆட்டினாள்.

"வேண்டாம். அந்தப் பேரை வச்சுக்கிட்டு ஒரு பொண்ணுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். அவ வந்து பத்து வருஷம் ஆச்சு. நான்தான் வாசல்லயே நிக்க வச்சுட்டேன். இந்தப் பாப்பா வேற ஆளு. இவளுக்கு இவ பேரு." பிறகு அவள் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாள். "வகுளா, போய் உங்க அப்பாவுக்குத் தண்ணி எடுத்துட்டு வா."

வகுளா அசையவில்லை. அந்த வீட்டில், அந்தக் குரலில், அந்தப் பெயர் ஒருநாளும் வந்ததில்லையா? அவள் காது அதை வாங்கிக்கொள்ளவே இல்லை.

"வகுளா! உன்னைத்தான்."

"ஆங்?"

"நல்லா இருக்கு போ! இத்தனை வருஷம் கழிச்சுக் கூப்பிடறேன், ஆங்னு கேக்கறா!"

வகுளா எழுந்து ஓடினாள். தண்ணீர் பிடிக்கும்போது டம்ளர் நிரம்பி வழிந்து, கை நனைந்து, சட்டையும் நனைந்த பிறகுதான் குழாயை மூடினாள்.

அவள் திரும்பி வந்தபோது பாப்பா விழித்துக்கொண்டிருந்தாள். அதிசயமாக அழவில்லை. கண்ணைச் சுருக்கி, ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயே சொல்லு வகுளா. இவளுக்கு என்ன பேர் வைக்கலாம்?" என்றாள் அத்தை.

வகுளாவின் நாக்கு நுனியில் ஒரு தோட்டமே இருந்தது. தாழை, கொன்றை, செண்பகம், நொச்சி. வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"அவசரப்பட வேண்டாம் அத்தை. இவ எப்படிப்பட்டவன்னு கொஞ்ச நாள் பாப்போம்."

அவள் தொட்டில் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து பாப்பாவைப் பார்க்க ஆரம்பித்தாள். அப்பாவும் வந்து எட்டிப் பார்த்தார். அத்தை இன்னொரு பக்கம் வந்து நின்றாள். அக்காவும் தம்பியும் ஒரே தொட்டிலுக்குள் சேர்ந்து குனிந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. இருவர் தலையும் டங்கென்று முட்டிக்கொண்டன. "கண்ணு தெரியலையா உனக்கு?" என்றாள் அத்தை. "உனக்குத்தான் மண்டை பெருசு," என்றார் அப்பா.

வேலை முடிந்து மாமா உள்ளே வந்தார். மூன்று தலைகளையும் பார்த்துத் திகைத்தார்.

"என்ன கூட்டம்? பேர் முடிவாயிடுச்சா?"

"இல்ல மாமா," என்றாள் வகுளா. "பாப்பாகிட்டதான் கேட்டுக்கிட்டு இருக்கோம்."

பாப்பா வாய் கொள்ளாமல் ஒரு கொட்டாவி விட்டாள். அதைப் பதிலாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.